சினைமாட்டுக்கு ஊற்றிய கால்சியம்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆகவே மாட்டைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்கள் வீட்டு முடிவு. என் கொழுந்தன் சிங்கப்பூரில் ஆறு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு, திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியவர். ஒருநாளும் சாணி அள்ளியதில்லை. கைபேசியில் நாலு வீடியோ பார்த்தார், வைத்தியராகிவிட்டார்.

எங்கள் ஜெர்சி மாட்டுக்கு அது மூன்றாவது சினை. வைக்கோலைத் தின்றே வளர்கிற மாட்டுக்குச் சத்து போதுமா என்று எனக்கு ஓயாத கவலை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "நான் குடுத்த தாது உப்பைத் தவிட்டுல கலந்து வைங்க, போதும். கால்சியம் டானிக் கன்னு போட்ட பெறகுதான்."

மறுநாளே கொழுந்தன் தீவனக் கடையிலிருந்து ஒரு பெட்டி டானிக்கோடு வந்து இறங்கினார்.

"டாக்டரம்மா இப்ப வேண்டாம்னாங்களே தம்பி."

"அவங்களுக்கு என்ன, கவர்மெண்ட் சம்பளம். டேங்க்ல முன்னாடியே ரொப்பினாத்தான அண்ணி பின்னாடி கொழாயில வரும்? நீங்க எதுக்குத்தான் பயப்படல!"

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஒரு மாதம் தினமும் டானிக் ஊற்றப்பட்டது. பார்த்துக்கொண்டு சும்மா நின்ற என்னையும் நான் மெச்சிக்கொள்ளப் போவதில்லை.

மாடு சுகமாகக் கிடாரிக்கன்று ஈன்றது. கொழுந்தன் அன்றே மடியை ஒட்டக் கறந்து, தெரு முழுக்கச் சீம்பால் அனுப்பிப் பெருமை தேடிக்கொண்டார். மறுநாள் காலையில் மாடு எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காது சில்லிட்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினால், கொழுந்தன் டானிக் பாட்டிலோடு மாட்டின் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறார்.

"சத்து எறங்கிடுச்சு அண்ணி. ரெண்டு பாட்டில் உள்ள போனா எழுந்துடும்."

"தலையே நிக்கல, எப்படி முழுங்கும்? விடுங்க!"

பிடுங்கி எறிந்தேன். பாட்டில் சாணிக்குழியில் போய் விழுந்தது. அவர் வாய் மட்டும் ஓயவில்லை.

டாக்டரம்மா வந்து கழுத்து நரம்பில் மருந்தை மெதுவாக ஏற்றினார். இதயத்துடிப்பைக் கேட்டுக் கேட்டு ஏற்றினார். பாதி இறங்கும்போதே மாட்டின் உடம்பு சிலிர்த்தது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. கொஞ்ச நேரத்தில் தள்ளாடி எழுந்து நின்றது. அப்புறம்தான் கேட்டார்: "சினையில கால்சியம் குடுத்தீங்களா?"

நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவர் வைக்கோல்போரைப் பார்த்தார்.

"தெனமும் வெளியிலேருந்து ஊத்துனா, எலும்புலேருந்து எடுக்கற வேலையை ஒடம்பு மறந்துடும். கன்னு போட்டதும் பாலுக்குக் கால்சியம் பத்தாம மாடு படுத்துக்கும். இதுல மடியை வேற ஒட்டக் கறந்திருக்கீங்க. படுத்த மாட்டு வாயில ஊத்தியிருந்தா நுரையீரலுக்குப் போயி அதோட கதை முடிஞ்சிருக்கும்."

இத்தனையும் கேட்ட மனுஷன் சாயங்காலம் டீக்கடையில், "ஊசியில ஏத்துனதும் கால்சியந்தான? நான் சொன்னதைத்தான் டாக்டரும் செஞ்சாங்க" என்றாராம். நாலு பேர் தலையாட்டினார்களாம். ஆட்டுவார்கள், சீம்பால் தின்ற தலைகள்.

ஒரு நாளைக்குள் மாடு மறுபடியும் படுத்துவிடலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். சாக்கை விரித்துக் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடையிலிருந்து திரும்பிய கொழுந்தன் எட்டிப்பார்த்தார்.

"இன்னும் பயமா அண்ணி?"

"ஆமா தம்பி. நீங்க உள்ள வந்துடுவீங்களோன்னுதான்."