எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிற காலை எனக்கு ஒருநாளும் முழுக் காலையாக இருந்ததில்லை. கூலிம் டவுனில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்ததுமே தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும். வெளியே செம்பனையும் ரப்பரும் மாறி மாறி ஓடும். எது உண்மையில் ஓடியது, எது கண்ணுக்குள் ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரம், அந்தக் காலையும் அப்படித்தான் இருந்தது. மடியில் கம்பெனி கொடுத்த ஹம்பர் கூடை, தீபாவளிப் பரிசு. பிஸ்கட், ஆரஞ்சு பானம், சீனிப்பாகில் ஊறிய பீச் பழ டின்கள். என் வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் புக்கிட் செலம்பாவில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டேன்.

அது மாமா இறந்த வருடம். மாமா என்றால் அக்காவின் கணவர். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேறு யாருக்காவது இது ஓய்வாக இருந்திருக்கும். என் அக்காவோ அந்த வரிசை வீடுகள் முழுவதற்கும் முறுக்கு பிழிந்து கொடுத்தவள். கொடுத்துக் கொடுத்தே பழகிய கையை வாங்க மட்டும் வைத்தால் அது என்ன ஆகும் என்று இந்தச் சட்டம் போட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

அவள் சாப்பாட்டு மேசையைப் பார்த்தால் தெரியும். மேசை நிறைய மற்றவர்களுடைய டப்பாக்கள். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா புளிக்குழம்பு கொண்டுவந்த நீல மூடி டப்பா, யாரோ இட்லி கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு, ஐஸ்கிரீம் டப்பாக்கள். எல்லாம் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தபடி காத்திருந்தன. எங்களில் யாரும் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஆனால் மாமாவின் காரியம் முடிந்த அன்று கடைசி வீட்டு அத்தை எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாது, இந்த வீட்டுலேர்ந்து இனிப்பும் வெளிய போகக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.”

சீனியும் இனிப்புதானே. அதனால் அக்கா டப்பாக்களைத் திருப்பவில்லை. திருப்பாததால் டப்பாக்காரர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம். முதலில் கோயிலுக்குப் போவதை விட்டாள், பிறகு காய்கறி வாங்கப் பசாருக்குப் போவதையும். காரியத்துக்குப் பிறகு கேட்டைத் தாண்டவே இல்லை. யாராவது கேட்டருகே வந்து கூப்பிட்டால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவாள். எனக்குப் பயமாக இருந்தது. மாமாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டோம், அக்காவையும் இந்த வீட்டுக்குள்ளேயே தொலைத்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

“அக்கா, ஓவன் எங்க வெச்சிருக்க?”

“எதுக்கு?” நாற்காலியை விட்டு அசையாமல் கேட்டாள்.

“காப்ளர் செய்யப் போறேன். வெள்ளக்காரங்க பலகாரம். பழத்த போட்டு மாவு ஊத்தி வேக வெக்கிறது.”

“பலகாரமா? ஒனக்கு என்னா பைத்தியமா? அத்தை என்னா சொன்னாங்க?”

“எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இதுல எண்ணெயும் இல்ல, சட்டியும் இல்ல. சும்மா உக்காரு லா.”

“ஒன் வாய்க்குப் பூட்டே இல்லடி,” என்றாள். அவள் என்னைத் திட்டி வாரக்கணக்காகியிருந்தது. கேட்க இதமாக இருந்தது.

ஓவன் அடுப்புத் திட்டுக்குக் கீழே இருந்தது. மாமா எப்போதோ கம்பெனி விருந்தில் குலுக்கலில் வென்றது. வந்த நாளிலிருந்து வாணலிகளை அடுக்கி வைக்கும் அலமாரியாகத்தான் அதற்கு வேலை. வாணலிகளை வெளியே எடுத்துப் போட்டுத் துடைத்தேன். ஃபோனில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ரொம்ப சுலபம், ரொம்ப சுலபம் என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளும் இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்திருந்தால் அந்தச் சிரிப்பையும் பார்த்திருக்கலாம்.

ஆனால் சுலபம்தான். கண்ணாடித் தட்டில் வெண்ணெயைப் போட்டு ஓவனுக்குள் வைத்தால் அதுவே உருகிக்கொள்கிறது. தானாக உப்பும் கோதுமை மாவு, சீனி, பால் மூன்றையும் கரைத்து உருகிய வெண்ணெய் மேல் ஊற்ற வேண்டும். அதன் மேல் பீச் துண்டுகளைப் பாகோடு பரப்பிவிட்டுப் பட்டைத் தூள் தூவ வேண்டும். முக்கியமான விஷயம், கிளறவே கூடாது. மாவு அடியில் கிடக்க, பழம் மேலே மிதக்க, அப்படியே விட்டுவிட வேண்டும்.

அக்கா எப்போது எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை. “கிளறாம என்னாடி பலகாரம்? அடி புடிச்சிராது?” என்று கரண்டியை எடுத்துவிட்டாள். கேசரி கிண்டிய கை, சும்மா இருக்குமா? கரண்டி தட்டுக்குள் போகும் முன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். அங்கே வளையல் இல்லை. வெறும் கை, நான் நினைத்ததைவிட மெலிந்திருந்தது. பிடித்த பிடியை விடத் தோன்றவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. இருவரும் அப்படியே தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தட்டை உள்ளே வைத்ததும் மழை வந்தது. ஜெராய் மலைப் பக்கமிருந்து வருகிற மழை முதலில் சத்தமாகத்தான் வரும், பிறகுதான் தண்ணீராக வரும். நான் அடுப்படித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருந்தது. வெண்ணெய் வாசனையும் பட்டை வாசனையும் மழை வாசனையும் ஒன்றாகி என்னை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன. மாமாவின் மோட்டார் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, என்ன வாசனை, என்ன வாசனை என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. அவரும் அவசரப்படாமல் மழையில் நனையாமல் நின்றிருந்தார். எழுந்து பார்த்திருந்தால் இருந்திருப்பார் என்று இப்போதும் எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

“ஏய், எந்திரி! மேல வருது பாரு!”

அக்கா ஓவன் முன்னால் குந்தியிருந்தாள். உள்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. அடியில் கிடந்த மாவு யாரும் தொடாமலே பழங்களைத் தாண்டி மேலே எழும்பி வந்துகொண்டிருந்தது. சில துண்டுகள் மூழ்கிப் போயின. சிலவற்றைச் சுற்றிப் பாகு கொதித்துக் குமிழ் விட்டது. நானும் தவழ்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா பல் தெரியச் சிரித்தாள்.

ஆறுவதற்குள் அவளே கத்தியை எடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. மேசையில் கவிழ்ந்திருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வைத்து மூடினாள். முகம் கழுவி, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு, தூறலுக்குத் தலையில் துண்டைப் போட்டாள்.

“மாக்சிக் வீட்டுக்கா?”

“இல்ல. மொதல்ல கடைசி வீடு.”

இனிப்பு வெளியே போகக் கூடாது என்று சொன்னவரே அவர்தான். அத்தை வாங்க மறுத்துவிட்டால் அக்கா இனி எந்தக் கேட்டையும் தாண்ட மாட்டாள். வாயில் சண்டைக்கு வேண்டியதையெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அத்தை கேட்டுக்கு வந்தார். அக்கா அவருடைய டப்பாவை நீட்டினாள். அத்தை அங்கேயே மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. நெடுநேரம் அதையே பார்த்தார்.

“எண்ணெய்ச் சட்டி வெச்சியா?”

“இல்ல அத்தை. ஓவன்ல வெச்சது.”

அத்தை இரண்டு விரலால் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். “நில்லு, போயிராத,” என்று உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அதே டப்பா, ஈரம்கூடச் சரியாகத் துடைக்காமல், முறுக்கால் நிறைந்திருந்தது. அதை அக்கா கையில் வைத்து அழுத்தினார்.

“ஒன் கை மாதிரி வரல,” என்றார். “இந்த வருஷம் யாரு வூட்டு முறுக்கும் நல்லா இல்ல.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா அழுதாள். தெருவில் நின்று, மழையில், எல்லாரும் பார்க்க அழுதாள். பிறகு துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டப்பாவைப் பார்த்தாள். கோபம் வந்துவிட்டது.

“பாத்தியா இந்த அத்தையோட வேலைய? மறுபடியும் டப்பா! இதுல நான் எதப் போட்டுத் திருப்புறது? நாளைக்கிப் பசார் போயி டின்னு வாங்கணும், வெண்ணெ வாங்கணும். நீ வரியா?”

“நீயே போயிட்டு வாக்கா. எனக்குத் தூக்கம் வருது.”

மறுநாள் காலையில் தனியாகப் போய்விட்டு வந்தாள்.