அத்தான் பிடித்துக் கொடுத்த சீட்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் வீட்டில் கர்ச்சீப் என்று பெயர். அவர் காதில் விழாமல்தான் சொல்வோம். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்து இடம் பிடிக்கிற ஆள். வங்கியோ டாக்டர் கிளினிக்கோ, ஏன், இழவு வீடோ, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி இருந்தால் அதில் அத்தான் இருப்பார். பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருப்பாள். அவள் நிற்பதை அவர் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. "இங்க வந்து நில்லு, நல்லா காத்து வருது" என்று அன்பாகக் கூப்பிடுவார்.

வேலைக்குப் போன நாள் முதல் ஓய்வு பெறும் வரை ஒரே சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர் அவர். எந்த சீட்டில் ஸ்பிரிங் குத்தும், எந்த வரிசையைத் தூண் மறைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதில் அவரே கண்டுபிடித்த வித்தை ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் ஜோடியாக வந்தால், நடுவில் ஒரு சீட்டை விட்டு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். படத்துக்கு யாரும் ஒண்டியாக வருவதில்லை, அதனால் அந்த ஒற்றை சீட் கடைசி வரை விற்காது. அவர்கள் பையை அதில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படம் பார்ப்பார்கள். போகும்போது கவுண்டர் பக்கம் வந்து, "நீங்க இல்லேன்னா இந்த வசதி கிடைக்குமா சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டு மனுஷருக்கு இரண்டு நாள் தலைகால் புரியாது.

அக்கா ஆயத்த ஆடை ஆலையில் தையல் சரிபார்க்கும் மேஜையில் வேலை செய்தாள். காலை முதல் மாலை வரை நின்றபடி சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வேலை. போன வருடம் இடது கால் தூண் மாதிரி வீங்கி, ரத்தக் குழாய்க்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அவள் அன்று பிழைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

தேறி வந்ததும் வெளிநாட்டிலிருக்கும் அக்கா மகள், இரண்டு பேரும் வந்து கொஞ்ச நாள் என்னோடு இருங்கள் என்று டிக்கெட் எடுத்தாள். புறப்படலாமா என்று கேட்க மூவரும் டாக்டரிடம் போனோம். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. டாக்டர் அவரைப் பார்த்தே சொன்னார்: "பதினஞ்சு மணி நேரப் பயணம். அம்மாவை நடைபாதை ஓரமா உக்கார வைங்க. அடிக்கடி எழுந்து நடக்கணும், நிறையத் தண்ணி குடிக்கணும். உக்காந்தே வந்தாங்கன்னா மறுபடி ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிடும், சார்." அத்தான் பெரிதாகத் தலையாட்டினார்.

சீட்டை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று மகள் விமானத்தின் படத்தைப் போனில் அனுப்பினாள். அவ்வளவுதான், மனுஷருக்குக் கவுண்டரைத் திரும்பக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பிடும்போதும் அதையே பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டார். பின்பக்கம், மூன்று சீட் உள்ள வரிசை. ஜன்னல் அக்காவுக்கு, நடைபாதை ஓரம் அவருக்கு, நடு சீட் காலி. அதற்கு ஈ காக்கா வராது, அக்கா அதில் காலை நீட்டி ராணி மாதிரி படுத்துக்கொண்டு வரலாம் என்றார்.

ஓரத்து சீட் அக்காவுக்கு என்றுதானே டாக்டர் சொன்னார் என்று நான் சண்டைக்குப் போனேன். அது உட்கார்ந்து வருகிறவர்களுக்கு, இவள் படுத்தல்லவா வரப்போகிறாள் என்று என் வாயை அடைத்தார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். இருவரும் ஒன்று என்று தெரிந்தால் பணிப்பெண்கள் சேர்ந்து உட்காரச் சொல்லிவிடுவார்களாம். அதனால் விமானம் கிளம்பும் வரைக்கும் யாரோ மாதிரி இருக்க வேண்டும், பேச்சு கொடுக்கக் கூடாது.

அக்கா சிரித்தாள். "வீட்ல இருக்கிற மாதிரியே இருந்தா போதும்ல?" என்றாள்.

விமானத்தில் நடந்ததை அக்கா பிறகு போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடைசி நேரத்தில் ஏறிய ஒருவர் நேராக வந்து அந்த நடு சீட்டில் உட்கார்ந்தார். வெல்டிங் வேலைக்குப் போகிறவர், ஆள் வாட்டசாட்டம். படத்துக்கு வேண்டுமானால் ஜோடியாக வருவார்கள். பிழைக்கப் போகிறவர்கள் ஜோடியாகவா போவார்கள்? இது ஏன் என் அத்தானின் மண்டையில் ஏறவில்லை?

அந்த வெல்டர் நல்ல மனிதர். அக்காவைப் பார்த்து, "தனியாவாம்மா வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அத்தானைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒரு சீட் காலியாக இருந்ததால், வெல்டரைக் கிளப்பி அங்கே அனுப்பிவிடலாம் என்று அத்தான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

"ஆமாப்பா, தனியாத்தான்" என்றாள் அக்கா.

அந்த முன்வரிசை சீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சொன்ன பொய்யை வாபஸ் வாங்க வெட்கம், ஓரத்து சீட்டை விடவும் மனசில்லை. முதல் தடவை அக்கா எழுந்தபோது வெல்டர் தானும் எழுந்து, அரைத் தூக்கத்தில் இருந்த அத்தானைத் தட்டினார். அத்தான் 'ச்சு' என்றார். முன்பின் தெரியாத ஆளிடம் காட்டுகிற எரிச்சல். நடிப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, அது நடிப்பு மாதிரித் தெரியவில்லை என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கும்படி ஆகிவிடக் கூடாதென்று தண்ணீரும் குடிக்கவில்லை.

பாதி வழியில் அவள் காலைப் பார்த்துவிட்டு வெல்டர்தான் பதறியிருக்கிறார். "சார், அம்மாவுக்குக் கால் வீங்கிக் கிடக்கு. நீங்க உள்ள வந்துட்டு ஓரத்து சீட்டைக் கொடுத்தா புண்ணியமாப் போகும்."

"நான் முன்னாடியே பார்த்து எடுத்த சீட், தம்பி" என்று சொல்லியிருக்கிறார் என் அத்தான். அதுவும் கட்டின பெண்டாட்டிக்குக் கேட்டபோது. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது, இன்னும் அடங்கவில்லை.

இறங்கும் நேரத்தில் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை, மூச்சும் வாங்கியது. தூக்குப் படுக்கை வந்தது. இவர்களோடு வந்தவர் யார் என்று பணிப்பெண் கேட்டாள். தனியாக வந்தவர்கள், பையை நான் எடுத்து வருகிறேன் என்று வெல்டர் முன்னால் வந்தார். அப்போதுதான் அத்தான், "என் மனைவி" என்றார்.  வெல்டர் அக்காவின் பையை அத்தான் கையில் கொடுத்துவிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் வீட்டுக்கும் வந்துவிட்டாள். விமானத்தில் இனி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். அந்த ஊரில் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே போனாலும் உட்கார இடம் இருக்கிறது, அப்புறம் அவருக்கு அங்கே என்ன வேலை? தனியாகத் திரும்பி வந்தார்.

இப்போது என் வீட்டில்தான் சாப்பாடு. என் தலையெழுத்து. சாப்பிட்டுக்கொண்டே சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். டாக்டர் மனசு மாறினால் இந்தத் தடவை அவளுக்கு ஓரத்து சீட்தான் என்று விமானப் படத்தைக் காட்டுவார். பொய்யாகச் சொல்லவில்லை, அதுவும் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் திட்ட வந்த வாயைக் கட்டிக்கொண்டு ஒரு கரண்டி சோறு கூடப் போடுகிறேன்.

நேற்று அக்கா போன் செய்தாள். அத்தான் கூடத்தில் இருந்ததால் சமையலறைக்குள் போய்ப் பேசினேன். மனுஷர் பார்க்கப் பாவமாக இருக்கிறது, அந்த டாக்டரை இன்னொரு தடவை கேட்டுப் பாரேன் என்றேன். 

"மூணு மாசம் போகட்டும், அப்புறம் தாராளமாப் போகலாம்னுதான்டி டாக்டர் சொன்னாரு. போகவே கூடாதுன்னு உன் அத்தான்கிட்டச் சொல்லச் சொன்னது நான்" என்றாள்.

அத்தான் கூடத்திலிருந்தே, கால் எப்படி இருக்கிறதாம் என்று கேட்டார். நன்றாக நடக்கிறாளாம் என்று சொன்னேன்.