அவர் எங்க ஊர் ஆள்

எங்கள் நைனா பெயர் கங்கையா. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமம். நாற்பது வருஷம் அடுத்தவன் நிலத்தில் கரும்பு வெட்டி, அந்தக் கூலியில் என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தவர். அறுபது வயதில்தான் சர்க்கார் கொடுத்த ஒன்றரை ஏக்கரில் சொந்தமாக வேர்க்கடலை போட்டார். வாயைத் திறந்து ஒருத்தரிடம் ஒன்று கேட்கமாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்தேன் பாருங்கள், நான் ஒரு தண்டம்.

எனக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, திருப்பதியில் வாடகை அறை. கூட வேலை பார்க்கும் ஹரிபாபுவின் மாமா வீட்டு மாடி அது. அறை கேட்டுப் போனபோதே அந்த மாமா, "நீங்க என்ன ஆளுங்க?" என்று தெலுங்கில் விசாரித்தார். உண்மையைச் சொன்னதற்கு ஏற்கெனவே மூன்று வீட்டில் இல்லை என்று அனுப்பியிருந்தார்கள். "எங்களுக்கு மாந்தோப்பு இருக்கு" என்றேன். அவராக ஒரு ஜாதியை நினைத்துக்கொண்டார். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன ஆவணியில் நைனா கண்ணைக் காட்ட முதல் பஸ்ஸில் திருப்பதி வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் முப்பது ரூபாய்க்கு நாலு இட்லி போடும் கடைக்கு அழைத்துப் போனேன். காரமான வேர்க்கடலைச் சட்னி, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். தட்டு கைக்கு வந்ததும் அவர் வெளியே போய் ஓரமாகக் குந்திக்கொண்டார். அவர் வாலிபத்தில் எங்கள் ஜனத்துக்கு ஊர்க் கடையில் வெளியேதான் இடம். தின்ற தட்டையும் தாங்களே கழுவி வைக்க வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ள வந்து உக்காரு நைனா. இங்க எவன் கேக்கறான்?"

"நீ துன்னுப்பா. எனக்கு இங்கதான் காத்தா கீது."

அந்த நேரம் பார்த்து ஹரிபாபு பைக்கை நிறுத்தினான். என் எதிரே வந்து உட்கார்ந்து இட்லி சொன்னான். வெளியே கண்ணைக் காட்டி, உன்னோடு பேசிக்கொண்டிருந்தாரே, யார் அவர் என்று தெலுங்கில் கேட்டான்.

"எங்க ஊர் ஆள்" என்றேன் நானும் தெலுங்கில். நாக்கு அதோடு நின்றதா? "எங்க தோப்புல வேலை செய்யறாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தாரு."

நைனாவுக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாக வரும். கண்தான் மங்கல், காதில் ஒரு குறையும் இல்லை. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அய்யோ, எழுந்து வந்து என்னைச் செருப்பால் அடிக்கமாட்டாரா என்று இருந்தது எனக்கு.

எழுந்துதான் வந்தார், நாங்கள் தின்று முடித்த பிறகு. தன் தட்டைக் குழாயில் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்து, என் தட்டையும் ஹரிபாபு தட்டையும் எடுத்தார். "விடுங்க சார், நான் கழுவறேன்" என்று தெலுங்கில் சொன்னார். கடைக்காரர் வேண்டாம் பெரியவரே என்று சொல்லியும் கேட்கவில்லை. பெற்ற அப்பன் என் எச்சில் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஹரிபாபுவுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல ஆளா இருக்காரே! மாமா வீட்டுக் கொல்லையில புதர் மண்டிக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை வந்து வெட்டித் தருவாரா?"

நைனா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

"எங்க சின்னய்யாவைக் கேளுங்க சார். அவர் அனுப்பினா வர்றேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

"அனுப்பறேன்" என்றேன்.