பதினான்காவது கீரை

அந்தமானில், புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் வேலி இருந்தது. இந்தப் பக்கம் எங்கள் முருங்கை, அந்தப் பக்கம் அவர்கள் பூசணி. இரண்டுமே வேலியை மதித்ததில்லை. பக்கத்து வீட்டில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள் மகனோடும் மருமகளோடும் இருந்தார். மாஷிமா என்று கூப்பிடுவோம். அவர்கள் பாஷையில் அது சித்தி, பெரியம்மா மாதிரி.

எங்கள் தீபாவளியை ஒட்டி அவர்களுக்குப் பூத சதுர்த்தசி வரும். பெயரைக் கேட்ட ராத்திரி நான் விளக்கை அணைக்காமல்தான் படுப்பேன். அன்று பகலில் பதினான்கு வகைக் கீரையை ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், போய்ச் சேர்ந்த பதினான்கு தலைமுறைக்கும் ஆளுக்கொன்றாகப் பதினான்கு அகல். நாங்களோ தீபாவளிக்குப் புதுவேட்டி வைத்துப் படைப்பதோடு சரி. படைத்த வேட்டியை நானே எடுத்து உடுத்திக்கொள்வேன். என் அப்பா இதுவரை ஆட்சேபித்ததில்லை.

ஒரு வருஷம் அன்று காலை வேலியருகே நின்று வாயைக் கொடுத்தேன்.

"என்ன மாஷிமா, பதினாலு தலைமுறையும் கப்பல்லயா வர்றாங்க? பங்க் கிளாஸ்ல டிக்கெட் கிடைச்சுதா?"

தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில்தான் கேட்டேன். என் இந்தியைக் கேட்டால் பேயே ஓடிவிடும் என்பது என் மனைவியின் கட்சி.

மாஷிமா சிரிக்கவில்லை. "அதுதான் பேட்டா எனக்கும் தெரியல. அவங்களுக்குத் தெரிஞ்ச வீடு அங்க இருக்கு. நாங்க காலாபானி தாண்டி வந்துட்டோம்னு அவங்களுக்கு யார் போய்ச் சொன்னா? நாலு வருஷமா விளக்கு வைக்கிறேன். ஒருத்தரும் வந்த மாதிரி இல்ல."

கீரை சரியாக அமையாததுதான் காரணம் என்பது அவர் எண்ணம். வந்த வருஷம் ஆறு வகைதான் கிடைத்ததாம். போன வருஷம் பதினொன்று. இந்த முறை எங்கள் முருங்கையையும் சேர்த்துப் பதின்மூன்று. பாக்கி சேனையிலை. ஊரில் அதை அவர் கணவரே பறித்து வருவாராம். அவரை அங்கேயே எரித்துவிட்டு, மூன்றாம் மாதம் கப்பலேறியிருக்கிறார்கள்.

அதோடு நான் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். "சேனையிலைதானே? எங்க ஊர்ல தடுக்கி விழுந்தா சேனைதான்" என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு மரங்களைப் பற்றிக் கோப்பு எழுதும் உத்தியோகம். காகிதத்தில் எழுதியிருந்தால் எந்த மரத்தையும் கண்டுபிடித்துவிடுவேன்.

மனைவி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். "ஏங்க, சேனைக்கும் சேம்புக்கும் ஒங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? போன மாசம் பப்பாளின்னு ஆமணக்குக் கன்னக் கொண்டாந்து நட்டீக."

"அது இருட்டுல தெரியல."

"காலைல பத்து மணிக்கு நட்டீக."

ஓடைக்கரையில் அகல அகலமாக, பார்க்கவே கம்பீரமாக இலைகள் நின்றன. ஒரு கை நிறையப் பறித்து வந்தேன். மாஷிமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நிச்சயமா சேனைதானா?" என்றார். "பக்கா சேனை!" என்றேன்.

மத்தியானம் உபகாரி என்ற முறையில் முதல் பரிமாறல் எனக்கு. முதல் வாய் நன்றாகவே இருந்தது. இரண்டாவது வாயில் தொண்டைக்குள் யாரோ துணி துவைக்கும் பிரஷ் போட்டுத் தேய்ப்பதுபோல ஓர் அரிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். மருமகள் தண்ணீர்ப் பானையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மகன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அரே தாதா, என்ன இலை குடுத்தீங்க?" என்று கரகரத்தான். அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன். சத்தம் கேட்ட என் மனைவி, சங்கதி இன்னதென்று கேட்காமலே ஓர் உருண்டைப் புளியோடு வேலியைத் தாண்டி வந்தாள். எல்லோருமாக உட்கார்ந்து புளி சப்பினோம்.

தொண்டை போனால் போகட்டும். மாஷிமாவின் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. நாலு வருஷம் காத்திருந்த கீரையை நான் பாழாக்கிவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. தோள் குலுங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"அவரும் இப்படித்தான்! வருஷா வருஷம் குளத்தங்கரைல எதையாவது பறிச்சுட்டு வந்து பக்கா சேனைம்பார். வீடே தொண்டையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் திட்டித் தீத்துடுவேன். இங்க வந்து நாலு வருஷமா எனக்குத் திட்ட ஆள் இல்ல."

சொல்லிவிட்டு வங்காள பாஷையில் திட்ட ஆரம்பித்தார். நல்ல நீளமான திட்டு. நான் தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டேன். மருமகள் என் பக்கம் சாய்ந்து, "உங்கள இல்ல தாதா" என்று கிசுகிசுத்தாள்.

பொழுது சாய்ந்ததும் பதின்மூன்று அகலை வீட்டைச் சுற்றி வைத்தார்கள். பதினான்காவதை மாஷிமா என் கையில் கொடுத்தார். "இலை பறிச்ச எடத்துல வச்சுட்டு வா. அவர் வந்துட்டார். அங்கதான் நிப்பார்."

நிற்பார் என்று தெரிந்தும் அங்கே போகிற தைரியம் எனக்கு ஏது? மனைவியை முன்னால் நடக்கவிட்டு, பின்னால் பெரிய குரலில் பாடிக்கொண்டே போனேன். விளக்கை வைத்து, "ஐயா, மன்னிச்சுக்குங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

அடுத்த வருஷத்துக்குள் அலுவலகத்தில் ஒருவரைப் பிடித்து அசல் சேனை எது என்று கற்றுக்கொண்டேன். இளந்தளிராகப் பறித்துக்கொண்டு வந்து பெருமையாக மனைவியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கி எங்கள் உலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நமக்கு இருக்கட்டும். நீங்க பேசாம அந்த ஓடைக்கே போங்க" என்று சொல்லிவிட்டு, புளியை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள்.