மைக்கில் விழாத அடி

மேற்குத் தாம்பரம் கம்ப்யூட்டர் கடையில் ஒரு டீச்சரைப் பார்த்தேன். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் கணக்கு நடத்துபவர். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

“என் குரல் மட்டும் கேக்கணும். பின்னாடி சத்தம் விழக்கூடாது.”

“இன்னா சத்தம்க்கா, ரயிலா?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்காரர்.”

ஒரு மைக்கை மாட்டிக்கொண்டு டீச்சர் என்னிடம் திரும்பினார். “சார், நான் பேசுறப்ப மேஜையை அடிங்க.”

தட்டினேன்.

“அவர் இப்படித் தட்டமாட்டார். ஓங்கி அடிங்க.”

முஷ்டியை ஓங்கினேன். பின்னக் கணக்கைச் சொல்லிக்கொண்டே, குரல் பிசிறாமல், ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். என் குத்தில் மேஜை அதிர்ந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டோம். தெளிவான, சிரித்த குரல். என் குத்து அதில் விழவே இல்லை.

“இதையே குடுங்க” என்றார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.