என் அப்பாவின் நெஞ்சுநோவும் ஆண்டவரோடு நான் பிடித்த சண்டையும்

செபக்குழுவில் என்னோடு முழங்காலில் நிற்கிற உங்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டு ஐப்பசியில் என் அப்பாவுக்கு நெஞ்சு நோகத் தொடங்கியது. தை மாதம் முடிவதற்குள் மூன்று தடவை குடும்ப டொக்டரிடம் போனோம். மூன்று தடவையும் நோவுக்குக் குளிசை தந்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுப் படி ஏறும்போது அப்பா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். ஏன் என்று கேட்டால், "பனி வழுக்குது பிள்ளை" என்பார். கட்டடத்துக்குள்ளே எங்கே பனி?

அப்பாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் இருந்து நோர்வேக்கு அகதியாக வந்தவர். விடிய ஐந்து மணிக்கு ஓர் அலுவலகக் கட்டடம், பின்னேரம் ஒரு பள்ளிக்கூடம். இரண்டிலும் துடைத்துக் கழுவுகிற வேலை. அவருடைய தம்பிமார் மூன்று பேரும் வந்து இறங்கியது எங்கள் வீட்டில்தான். கலியாணம் கட்டித் தனியே போன பிறகும் அப்பாவைக் கேட்காமல் அவர்கள் ஒரு காரியம் செய்ததில்லை. அலுவலகத்தில் ஐந்து மாடி. ஒரு மாடிக்குச் செபமாலையில் பத்து மணி என்று சொல்லிக்கொண்டே துடைப்பார். வாளி கீழே வரும்போது செபமாலையும் முடிந்திருக்கும். அம்மா காலமான அடுத்த கிழமையும் அப்படித்தான் போனார்.

அப்படிப்பட்ட மனுசன் டொக்டரிடம் எப்படிப் போவார் தெரியுமா? உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற கூத்துத்தான். பூசைக்கு வெளிக்கிடுவது போல வெளிக்கிடுவார். முகம் வழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, சாம்பல் நிற கோட் சூட் போட்டு, டை கட்டி, சப்பாத்து மினுக்கிக்கொண்டு. கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். டொக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நான் வாய் திறக்கமுதல் சிரித்துக்கொண்டே "ஃபீன்ட், தக்" என்பார். நல்லா இருக்கிறேன், நன்றி.

மொழிபெயர்க்கிறவள் நான். சின்ன வயதில் இருந்து அந்த வேலை என் தலையில்தான். அப்பா பக்கத்தில் இருந்து மெல்லச் சொல்லுவார்: "கொஞ்சம் நோகுது எண்டு சொல்லு. கனக்கச் சொல்லாதை. படிச்ச மனுசனுக்கு முன்னாலை முனகக்கூடாது." நான் ஒரு மொக்குச் சென்மம். கொஞ்சம் என்றதைக் கொஞ்சம் என்றே நொஸ்க் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுப்படியில் என் கண்ணால் பார்த்ததைச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் அந்த டொக்டர்? நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு நாளாவது கேட்டாரா? கோட்டைப் பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். வந்த மனுசனைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கமாட்டேன். அந்த நாட்களில் இந்தக் குழுவில் உள்ள ஓர் அக்காவிடம் அழுதுகொண்டு செப உதவி கேட்டேன். அவ சொன்ன ஆறுதல் இது: "உங்கடை குடும்பத்திலை ஆரோ செய்த பாவம் இன்னும் தீரேல்லைப் போலை, பிள்ளை." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மாசி மாதம் நாலாவது தடவை போகவேண்டிய நாள். டொக்டர் தந்த நேரம் பகல் இரண்டு மணி. நான் வேலைக்குப் போக ட்வெய்ட்டா ரயில் ஸ்டேஷனில் காலையில் நின்றேன். கொட்டுகிற பனிக்குள் நின்றபடி ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "உமக்குக் கண் இல்லையா? உமக்கு முன்னால் தினமும் முழங்காலில் நிற்கிற மனுசன் செத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அந்த டொக்டரின் கண்ணைத் திறவும். இல்லாவிட்டால் இனிச் செபமாலையைத் தொடமாட்டேன்." அப்படியே கேட்டேன். பயபக்தி ஒன்றும் இல்லை.

மத்தியானம் அப்பா கைபேசியில் எடுத்தார். பனியால் ரயில் ஓடவில்லை. வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரம் இல்லை.

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. வேலை உடுப்போடை நிக்கிறன். இந்தக் கோலத்திலை என்னெண்டு போறது?"

கேட்டதற்கு இதுவா பதில் என்று ஆண்டவரையும் ஏசினேன், அப்பாவையும் ஏசினேன். பஸ் பிடித்து அவர் வேலையிடத்துக்குப் போய், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்றைக்கு அப்பா வரவில்லையா?"

அப்பா என் பக்கத்தில் நிற்கிறார். நீலச் சேட்டு, ஈரமான முழங்கால், சவர்க்காரத்தில் வெடித்த கை. மூன்று தடவை கைகொடுத்த மனுசனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் என்ற சொல்லே மறந்துபோனது. ஐந்து மாடி, ஒரு பள்ளிக்கூடம், வீட்டுப்படியில் இரண்டு தரம் நிற்கிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டரின் முகம் மாறியது. முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். வெளியே உறைபனி, அப்பாவின் சேட்டு வேர்வையில் ஒட்டியிருந்தது. உடனே இதயத்தைச் சோதித்தார். அங்கிருந்தே அம்புலன்ஸில் ஏற்றினார்கள். இரத்தக் குழாய்கள் அடைபட்டிருந்தன. இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆளே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சத்திரசிகிச்சை செய்து காப்பாற்றினார்கள்.

அப்போதுதான் விளங்கியது. நான் டொக்டரின் கண்ணைத் திறக்கச் சொன்னேன். ஆண்டவர் ரயிலை நிறுத்தி அப்பாவின் கோட்டைக் கழற்றினார். நான் ஏசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வேலையை முடித்துவிட்டார். வெட்கமாக இருந்தது.

அப்பா பிறகு மூன்றரை வருஷம் இருந்தார். என் கலியாணத்தில் என்னைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனார். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது முன்வரிசையில் நின்றார். போன வருஷம் ஆவணியில் வேறு நோயில் படுத்தார். கடைசிக் கிழமை தாதி வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டா. வழக்கம் போல மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அப்பா கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டுத் தானே சொன்னார்: "யாய் ஹார் வுண்ட்." எனக்கு நோகுது.

எழுபது வயதில் முதல் தடவையாகச் சொன்னார். உடனே மருந்து கொடுத்தார்கள். நோவில்லாமல், நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அமைதியாகப் போனார்.

அடக்கத்தன்று அதே அக்கா வந்து, "அப்ப கடவுள் மூண்டரை வருஷம்தானே தந்தவர்" என்றா. தானே? மரணவீடு என்றபடியால் அன்றைக்கும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன்: என் செபம் கேட்கப்பட்டது. தந்தவருக்கு நன்றி. ஒரு நாளையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

உங்களுக்கும் கோபம் இருந்தால் அதோடேயே ஆண்டவரிடம் போங்கள். அவர் கோவிக்கமாட்டார், நான் பார்த்துவிட்டேன். அதற்கு முதல் ஒன்று செய்யுங்கள். நோகுது என்று சொல்லி அறியாத அப்பாமாரே, இங்கே இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் கோட் போட்டு இருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.