சேசுராஜைக் கொல்லும் வேலை

இன்று எனக்குப் பிறந்த நாள். விடிந்ததிலிருந்து போனை மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாளையார் செக்போஸ்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் ஹாரனில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று ஜன்னலைக்கூடச் சாத்தியாயிற்று. பேங்க்காரர்கள் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரும் அனுப்பிவிட்டார், அவருக்கு நான் நல்ல வாடிக்கை. சேசுராஜ் மட்டும் கூப்பிடவில்லை.

வருடா வருடம் இந்த நாளில் மறையூரிலிருந்து முதல் ஆளாகக் கூப்பிடுவான். வாழ்த்தெல்லாம் சொல்ல மாட்டான். "ஏலே, நான் இன்னும் சாவலலே" என்பான். நான் "சரிலே" என்பேன். போனை வைத்துவிடுவான். அவ்வளவுதான் எங்கள் கொண்டாட்டம்.

அவனுக்கும் இன்றுதான் பிறந்த நாள். அப்படியென்றால் இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். மூணாறு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்தோம். பிறந்த தேதி கேட்டால் எங்கள் அம்மாமார் மழையையும் மரம் விழுந்ததையும் அடையாளம் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஹெட்மாஸ்டர் அன்றைக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார். பட்டாளத்தில் சேர்ந்தபோது ஒரே ஊர், ஒரே தேதி என்று பார்த்த அதிகாரி, இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார். சேசுராஜ் ஆறடி, நான் அவன் தோளுக்கு வருவேன். அதிகாரிக்கும் கண்ணாடி மாற்றுகிற வயது போலிருக்கிறது.

என் மனைவி இரண்டாவது டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்க, நீங்களே கூப்புட்டுப் பாத்தா என்னங்க?" என்றாள். அவன் அனுப்புகிற மறையூர் உருண்டை வெல்லம் போட்ட டீ. அதன் ஆவி மூக்கில் ஏறியது. இதே வாசனையைப் பனிமலை பதுங்குகுழியில், மண்ணெண்ணெய்ப் புகைக்கு நடுவில் குடித்திருக்கிறேன். லீவில் போய்த் திரும்பும்போதெல்லாம் டிரங்குப் பெட்டியில் துணி இருக்கிறதோ இல்லையோ, வெல்லம் இருக்கும் அவனிடம்.

சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் எங்கள் பிறந்த நாள் அங்கேதான் வந்தது. எங்கள் பிளட்டூனில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த நாள்காரனை யாரும் நூறு வருஷம் இரு என்று வாழ்த்தக் கூடாது. டீயை உயர்த்திப் பிடித்து, "இவன் போய்ச் சேர்ந்துட்டான்" என்று சொல்ல வேண்டும். எமன் கேட்டுவிட்டு, இங்கே வேலை முடிந்தது என்று அடுத்த குழிக்குப் போய்விடுவான் என்பது நம்பிக்கை. "எங்க வேதத்துல எமன் கெடையாதுலே. இருந்தாலும் சொல்லிரு, எதுக்கு வம்பு" என்றான் சேசுராஜ். சொன்னேன். சிரித்துக்கொண்டே முன்குழிக்குக் காவலுக்குப் போனான்.

முன்குழியில் இருப்பவன் வாய் திறந்து பேசினால் எதிரிக்குக் கேட்டுவிடும். அதனால் இரண்டு குழிக்கும் நடுவே கம்பி இழுத்த டெலிபோனில் பேச மாட்டோம், ஊதுவோம். பின்னால் இருக்கிற நான் கைப்பிடியை விரலால் தட்டுவேன். அவன் இரண்டு முறை ஊதினால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அன்று காலை மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. குண்டுகள் அவன் பக்கமாகவே விழுந்தன. சத்தம் ஓய்ந்ததும் தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் தட்டினேன். ஹவில்தார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தானே சொன்னேன், போய்ச் சேர்ந்துட்டான் என்று. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது, காதில் மெல்லிய காற்று. சூடான டீயை ஆற்றுகிற மாதிரி இரண்டு முறை. அந்த இரண்டு ஊதலை என் எல்லா நாவல்களிலும் எழுதிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் சரியாக வரவில்லை.

ஆமாம், ஓய்வு பெற்று வந்தபின் போர் நாவல் எழுத ஆரம்பித்தேன். செய்தி கேட்டு மறையூரிலிருந்து பஸ் ஏறி வந்தவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "கதையில என்னையக் கொன்னுருலே. அங்க செத்துட்டா இங்க இருப்பேன்." பழைய வழக்கம் அவனை விடவில்லை. நானும் ஒவ்வொரு நாவலிலும் வேறு வேறு பெயரில் கொன்றேன். பனிச்சரிவில், ஆற்றில், குண்டில். ஒரு நாவலில் வழி தெரியாமல் பல்வலியில் கொன்றபோது மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போது எழுதுவதில்தான் வினை. வயதாகிவிட்டது, கொல்லக் கை வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவன் மறையூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக்கு நடுவில் வீட்டைப் பார்த்து நடக்கிறான். போன மாதம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "வேண்டாம்லே, மாத்திரு" என்றான். கலை, வாசகர் என்று ஏதோ பெரிய மனிதன் போலப் பேசி வைத்தேன். மாற்றவில்லை. காலையிலிருந்து போன் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் நான் உட்கார்ந்திருந்த காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். பயம்தான்.

வெயில் ஏறியபின் நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் மகள் எடுத்தாள்.

"அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துருச்சு சித்தப்பா. உடுமலைல காட்டி முந்தாநாள்தான் கூட்டியாந்தோம். பேச்சு போயிருச்சு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு கையாலயே தடுத்துட்டாரு."

போனை அவன் காதில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். எனக்கு வார்த்தை வரவில்லை. நாவல் எழுதுகிறவன் பாருங்கள். விரலால் போனைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் தட்டினேன். என் மனைவி வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

காற்று வந்தது. கோணிய வாயிலிருந்து பாதி கசிந்து, இரண்டு முறை.

போனை வைத்ததும் அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்துக் கிழித்தேன். நல்ல பக்கங்கள், எனக்கே தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் சேசுராஜை முன்குழியிலேயே கொன்று முடித்தேன். காகிதம் நனைந்து இரண்டு தடவை மாற்ற வேண்டியதாயிற்று.

எங்கள் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. தேதி போட்ட ஹெட்மாஸ்டர் இல்லை. அவரிடம் மழையையும் மரத்தையும் சொன்ன அம்மாமார் இல்லை. எங்கள் முன்குழி எந்தப் பனிக்கடியில் கிடக்கிறதோ. இன்று சேசுராஜின் குரலும் போய்விட்டது. அவன் இன்னும் சாகவில்லை.